புன்னைமேடு கொடுத்த சீர்

பிப்ரவரி 3

இந்த டைரி கூட்டுறவு வங்கியில் கொடுத்தது. "வார்டுல நடக்கறதையெல்லாம் குறிச்சு வைங்கம்மா, நாளைக்கு ஒரு கேள்வி வந்தா பதில் இருக்கும்" என்று பேரூராட்சிச் செயல் அலுவலர் சொன்னார். ஜனவரி முழுவதும் மளிகைச் சாமான் எழுதியதோடு சரி. இன்றிலிருந்து ஒழுங்காக எழுதுவதாக முடிவு.

மன்றக் கூட்டம் போனேன். நாய்த் தொல்லை, மூன்றாவது தெருவில் எரியாத விளக்கு, பொதுக் கழிப்பறைக்குத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: ஆவன செய்யப்படும். கடைசியில் என் முறை. ஒன்பதாவது வார்டு ஆண்டித்தோப்பில் மீன் ஏலக்கூடத்துச் சுவரைக் கடல் தொட்டுவிட்டது, கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியே ஆக வேண்டும் என்றேன். "எல்லாம் வரும், நீங்க உக்காருங்க தையல்நாயகியம்மா" என்றார் தலைவர். "நான் உக்காந்தா எங்க ஊரும் சேந்து உக்காந்துரும் தலைவரே, தண்ணிக்குள்ள" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே தீர்மானம் நிறைவேறியது.

தூண்டில் வளைவு கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் தெரியாது.

பிப்ரவரி 11

பொறியாளர் வந்து கரையை அளந்தார். சின்ன வயசு. வெயிலில் முகம் சிவந்துபோய் நின்றார். மோர் கொடுத்தேன்.

வடக்கே இருக்கும் புன்னைமேட்டிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஊர்க் கடிதம் ஒன்று வேண்டுமாம். அது நான் பிறந்த ஊர். எங்கள் கரையிலிருந்து பார்த்தாலே அதன் தென்னைகள் தெரியும். கல் எங்கள் ஊரில் விழப்போகிறது, அவர்கள் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

"கல்லுக்குத் தெக்க மண்ணு சேரும்மா. வடக்குப் பக்கம் கொஞ்சம் இழுக்கும். ரெண்டாம் கட்டத்துல அங்கயும் கல்லு போட்டா சரியாயிடும்" என்றார்.

எவ்வளவு இழுக்கும் என்றேன். சொல்ல முடியாது என்றார். அவருக்கே சொல்ல முடியாததை நான் போய் ஊரில் என்னவென்று சொல்வது? படித்தவர்கள் எதற்கும் ஒரு பயத்தைச் சேர்த்துத்தான் பேசுவார்கள். போகும்போது இன்னொரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாலையில் மூன்றாவது தெரு விளக்கு எரிந்தது. வார்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். யாரும் நன்றி சொல்லவில்லை. நாலாவது தெரு விளக்கு எப்போது என்று கேட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 16

இன்று புன்னைமேட்டில் ஊர்க்கூட்டம். பெண்கள் அதில் உட்காரும் வழக்கம் கிடையாது. கவுன்சிலர் என்பதால் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாரியம்மன் கோயில் ஓரமாக உட்கார வைத்தார்கள். பிறந்த ஊரில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது கூச்சமாக இருந்தது.

அண்ணன் வைரக்கண்ணுதான் அந்த ஊர் நாட்டார். ஊர் வழக்கு, திருவிழா, நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்கேட்டுத்தான் நடக்கும். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. வளர்த்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அண்ணன். நான் கூட்டத்துக்கு விஷயத்தைச் சொன்னேன். ஏலக்கூடம் போய்விட்டால் எங்கள் ஊருக்குப் பிழைப்பு இல்லை என்றேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது. நடிப்பில்லை.

அஞ்சாப்புலிப் பெரியப்பா எழுந்தார். ஊரிலேயே வயது மூத்தவர். "எல்லாஞ் சரி பாப்பா. இதால நமக்கு எதும் பாதகம் வராதே?" என்றார்.

"கல்லு எங்க ஊருல விழப்போவுது. ஒங்களுக்கு என்ன பெரிப்பா பாதகம்?" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு வாக்கப்பட்ட எடத்துல பொழைக்கணும்னு வந்து நிக்கிது. நகையா கேக்குது? நட்டா கேக்குது? ஒரு கையெழுத்து. இத இல்லன்னு சொல்லி அனுப்புனா நாளைக்கு நம்ம பொண்ணுங்க எந்த மொகத்த வச்சிக்கிட்டு பொறந்த வீடுன்னு பேசும்?" என்றார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அண்ணி மலர்க்கொடி அந்தக் கடிதத்தை அப்படியே தரவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, ரவிக்கைத் துணி வைத்து அதன்மேல் கடிதத்தை வைத்துக் கொடுத்தாள். "பொறந்த ஊரு சீரு, வாங்கிக்க" என்றாள். பெண்கள் குலவை விட்டார்கள். கடுதாசிக்குக் குலவை விட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியப்பா கேட்டபோது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அண்ணன் இடையில் பேசிவிட்டாரே.

மார்ச் 20

ஆணை வந்துவிட்டது. இனிப்பு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தேன்.

ஏப்ரல் 22

மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. கல் லாரிகள் விடாமல் வருகின்றன. வீட்டுக்குள் எல்லாவற்றிலும் புழுதி. வற்றல் காயப்போட முடியவில்லை என்று தெருப் பெண்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "கடலு வந்தா வத்தலும் இல்ல, வீடும் இல்ல, பரவால்லியா?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

குழுவில் போட்டது: லாரி செல்லும் நேரத்தில் குழந்தைகளைத் தெருவில் விட வேண்டாம். குடிநீர் நாளை மாலை வரும்.

என் வீட்டுக்காரர் பாலகுரு வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துப்போட்டுக்கொண்டு, "ஒன்ன கவுன்சிலர் ஆக்குனதுக்கு ஊரே புழுதி தின்னுது" என்கிறார். மனிதருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஜூன் 12

திறப்பு விழா. கல் சுவர் கடலுக்குள் போய் வளைந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. அதிகாரிகள் எல்லோரும் முன்னால் நின்றுகொண்டார்கள். நான் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்க வைத்தேன். "எனக்கு எதுக்கு பாப்பா இதெல்லாம்" என்று நெளிந்தார். புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

ஜூலை 6

மகள் சிவரஞ்சனிக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்குக் காரைக்காலில் வேலை, நல்ல குடும்பம். கல்யாணம் தை மாதம். தட்டு மாற்றியதும் ரஞ்சனி முதலில் மாமா காலில்தான் விழுந்தாள். சின்னப் பிள்ளையில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றியவர் அவர். "நெத்தியில பட்டம் கட்டி மேடைக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன், சிரிச்சிக்கிட்டே வரணும், அழுது மையக் கரைக்கக் கூடாது" என்று அவளிடம் இப்போதே ஒப்பந்தம் போட்டார்.

நம் கரையில் மணல் நன்றாகச் சேர்ந்துவிட்டது. பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்தியில் அண்ணன், தங்கள் பக்கம் கரையோரத் தென்னைகள் சில சாய்ந்துவிட்டதாகச் சொன்னார். சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார். ஆடி நெருங்கும்போது கடல் அப்படித்தான் இருக்கும். பாயசம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 19

நாய்களைப் பிடிக்க வண்டி வந்தது. பிடித்தவை எல்லாம் சாதுவான நாய்கள். கடிக்கிற நாய் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டது. புகார் கொடுத்தவர்களே வந்து எங்கள் நாயை விடு என்று சண்டை போட்டார்கள்.

அண்ணி போன் செய்தாள். வலைக் கொட்டகை போய்விட்டதாம். கடல் எங்கும் ஏறத்தான் செய்கிறது, பேப்பரிலும் டிவியிலும் அதுதான் பேச்சு என்றேன். "ஆமா" என்றாள். பிறகு ரஞ்சனிக்குக் கூறைப் புடவை என்ன நிறம் என்று கேட்டாள்.

செப்டம்பர் 14

புன்னைமேட்டுக்குப் போய்வந்தேன். அங்கே கரை என்று ஒன்று இல்லை. படகு நிறுத்த இடம் இல்லாமல் தெருவில் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். முன் வரிசை வீடுகள் கடல் பக்கம் திறந்து கிடக்கின்றன. ஒரு வீட்டுச் சாமி மாடத்தில் படம் இருக்கிறது, எதிர்ச் சுவர் இல்லை. அண்ணன் வீடு இரண்டாவது வரிசை. இப்போது அதுதான் முதல் வரிசை.

தெருமுனையில் நின்ற இளவட்டங்களில் ஒருவன், "கவுன்சிலரம்மா, நல்லா அளந்து பாத்துட்டுப் போங்க" என்றான். எனக்குச் சுரீர் என்றது. அண்ணன் காதில் விழாத மாதிரி, "ஒரு வருசம் இழுக்கும், ஒரு வருசம் குடுக்கும். கடலு யாரு சொத்து? வா, டீ குடிக்கலாம்" என்று உள்ளே கூட்டிப்போனார். டீ குடிக்கும்போது அலை மோதித் தரை லேசாக அதிர்ந்தது. அண்ணி எதையும் கவனிக்காதவள் மாதிரி முறுக்கை எடுத்து வைத்தாள்.

நேராகப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாம் கட்டம் என்ன ஆயிற்று என்றேன். கருத்துரு போயிருக்கிறதாம். நிதி வந்ததும் பரிசீலிப்பார்களாம். "நாந்தான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார். சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பையன்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 8

மறுபடியும் அலுவலகம். பரிசீலனை.

அக்டோபர் 27

மறுபடியும். அந்தப் பொறியாளரை மாற்றிவிட்டார்கள். புதியவருக்குப் புன்னைமேடு எங்கே இருக்கிறது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

நவம்பர் 25

புயல் சின்னம். குழுவில் போட்டது: கடலுக்கு யாரும் செல்ல வேண்டாம். தாழ்வான பகுதியில் உள்ளவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடவும். மெழுகுவத்தி, தீப்பெட்டி, குடிநீர் வைத்துக்கொள்ளவும்.

நவம்பர் 28

புயல் கடந்துவிட்டது. நம் ஊரில் சில கூரைகள் பறந்தன, ஒரு கம்பம் சாய்ந்தது. ஏலக்கூடத்துக்கு ஒரு கீறல் இல்லை. எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ கொண்டாந்த கல்லு இல்லன்னா நாங்க இல்ல தாயி" என்று ஒரு அம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அண்ணன் வீடு போய்விட்டது. அந்த வரிசையே போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. எல்லோரும் புயல் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறார்கள்.

நவம்பர் 29

அரிசி, பாய், போர்வை எல்லாம் சேகரித்து வண்டி பிடித்து அனுப்பினேன். வண்டி அப்படியே திரும்பி வந்தது. ஆண்டித்தோப்புச் சாமான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அழுதுகொண்டே மூட்டைகளை இறக்கி வைத்தேன். என் வீட்டுக்காரரும் கூட இறக்கினார்.

டிசம்பர் 7

அண்ணனை நாட்டார் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்களாம். கூட்டத்தில் எழுந்து பேசிக் கையெழுத்து வாங்கிக்கொடுத்தது அவர்தானே. மீன் விற்கும் அஞ்சலை சொன்னாள். புன்னைமேட்டில் இப்போது ஒரே கேள்வியாம்: "வடக்க இழுக்கும்னு அவளுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

அஞ்சலை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு மீன் வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 14

தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. நானும் இவரும் பழத் தட்டோடு பாதுகாப்பு மையத்துக்குப் போனோம். ஒரே கூடத்தில் புடவைகளைக் கட்டித் தடுத்து அத்தனை குடும்பமும் இருக்கிறது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அண்ணன் மெலிந்துவிட்டார். தட்டை வாங்கிக்கொண்டார். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஊர்ல கட்டுப்பாடு போட்டுருக்கு பாப்பா. கேள்விக்குப் பதில் தெரியிற வரைக்கும் ஆண்டித்தோப்புல ஒன் வீட்டு நல்லது கெட்டதுக்கு இங்கேருந்து யாரும் போகக் கூடாது."

"நீ வராம எப்படிண்ணே ரஞ்சனி மேடை ஏறுவா?" என்றேன்.

"ஊரு மொத்தமும் நடுத்தெருவுல நிக்கிது. எம் பேச்ச நம்பித்தான நிக்கிது. நான் மட்டும் எப்படி மீறிட்டு வர்றது?"

அதற்குள் அஞ்சாப்புலிப் பெரியப்பா எதிரில் வந்து நின்றுவிட்டார். கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். "நீயே சொல்லிரு தாயி. ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்த" என்றார்.

கூடம் முழுக்க என்னையே பார்த்தது. அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. "அதக் கேக்காதிய பெரிப்பா. எந்தங்கச்சிய நான் கேட்டதில்ல. கேக்கவும் மாட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். அழுகைதான் வந்தது. அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி ஓடிவந்து என் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். "பாத்தியளா, பச்ச மண்ணு மாதிரி அழுவுறதப் பாருங்க. இதுக்குப் போயித் தெரிஞ்சிருக்குமா?" என்று மற்றப் பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். பெரியப்பா தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அழுதேன், அவ்வளவுதான். அந்த அழுகையை அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

டிசம்பர் 31

வேலை எதுவும் ஓடவில்லை. ரஞ்சனி சாப்பிடுவதில்லை. மாமா வராவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறாள். மாப்பிள்ளை வீட்டிலும் ஜாடையாகக் கேட்டுவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் உயிரோடு இருந்தும் வராத கல்யாணம் என்றால் அது என்ன குடும்பம் என்று யாரும் நினைப்பார்கள்.

"போயி உள்ளத சொல்லிரு" என்றார் இவர்.

"என்ன உள்ளது?" என்றேன்.

அன்று பொறியாளர் பேசியபோது இவரும் வாசலில்தான் இருந்தார் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பீடியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஜனவரி 9

புது வருசத்து டைரி. புதுப் பொறியாளரைப் பார்த்தேன். பரிசீலனை.

ஜனவரி 21

அண்ணன் போன் செய்தார்! அவராகவே செய்தார். "கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க பாப்பா. எல்லாம் தீந்துபோச்சு. ஊரே கெளம்பி வருது, பந்திக்குக் கூடுதலா எல போடு" என்றார். எப்படித் தீர்ந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் வந்து சொல்லிக்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ரஞ்சனி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டேன். நாலாவது தெரு விளக்கும் இன்றுதான் எரிந்தது.

ஜனவரி 28

கல்யாணம் முடிந்தது. மண்டபத்திலிருந்து சாமான்கள் வந்து வீடு நிறைந்து கிடக்கிறது. எல்லோரும் தூங்குகிறார்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் புன்னைமேட்டுக்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். வீடில்லாத ஊர், இருந்ததையெல்லாம் போட்டுச் சீர் எடுத்து வந்திருந்தது. அண்ணன் முன்னால் வந்தார். வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. "என்னண்ணே கையில?" என்றேன். "கொப்புளம், விடு" என்றார். ரஞ்சனிக்கு மாலை போட்டார். பட்டம் கட்டும்போது முடிச்சு விழவில்லை. விரலை மடக்க முடியவில்லை அவரால். இவர் போய் முடிச்சுப் போட உதவினார். பிறகு இடது கையால் அவள் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். ஒப்பந்தப்படி ரஞ்சனி அழவில்லை. அண்ணன்தான் அழுதார்.

தாலி கட்டி முடிந்ததும் சீர்த் தட்டுகள் வைத்திருந்த அறைக்கு அண்ணியைக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"ஒங்கண்ணன் ஊரக் கூட்டிட்டுது. எந்தங்கச்சிக்குத் தெரியாது, நான் மாரியம்மனுக்கு முன்னாடி சத்தியம் பண்றேன்னுது. பெரிப்பா சரின்னுட்டாரு. சூடத்த ஏத்தித் தரையில வச்சு, கையால அடிச்சு அணைன்னாங்க. எல்லாரும் செய்யிறது அதான். ஒங்கண்ணன் கேக்கல. சூடத்த எடுத்து உள்ளங்கையில வச்சிக்கிட்டு ஏத்துன்னுச்சு. எந்தங்கச்சிக்குத் தெரிஞ்சிருந்தா அந்தக் கடுதாசிய நம்மகிட்ட கேட்டிருக்காது, தெரிஞ்சு கேட்டிருந்தா அம்மா நீ என்னக் கேளுன்னு சொல்லி, அது தானா அணையிற வரைக்கும் கைய மூடல. தோலு கருகுற வாட வருது. பெரிப்பாவே ஓடிவந்து கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டாரு. அப்பறம் ஊர்ல யாரு பேசுவா?"

அண்ணி இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "விடிஞ்சதுலேருந்து ஒண்ணும் சாப்புடலியா?" என்று கேட்டாள்.

பந்தியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். துணி சுற்றிய கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. பரிமாறிய பையன் கரண்டி கொண்டுவந்தான். "கரண்டியால சோறு தின்ன நான் என்ன கலெக்டரா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ, "தங்கச்சி எதுக்கு இருக்கு, ஊட்டச் சொல்லு" என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்றிப் பிசைந்து ஊட்டினேன். ஆவென்று வாயைத் திறந்தார். எனக்குச் சின்ன வயதில் அவர்தான் ஊட்டுவார். அம்மா கூடையோடு மீன் விற்கப் போய்விடுவாள்.

ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணே, எனக்குத் தெரியும். மோர் குடித்துக்கொண்டே அந்தப் பையன் சொன்னான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அண்ணன் செய்தது பொய்ச் சத்தியம் ஆகிவிடும். கடலுக்குப் போகிறவன் பொய்ச் சத்தியம் செய்தால் கடல் அவனைக் கேட்காமல் விடாது என்று எங்களில் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் அது பொய்ச் சத்தியம்தான். அது அம்மனுக்கும் எனக்கும் இவருக்கும் தெரியும். இவர் பந்தியின் கோடியில் தண்ணீர்ச் செம்போடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னொரு வாய், இங்க பாத்துக் குடுங்க" என்றார் போட்டோக்காரர். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பொறந்த வீட்டு ஒறவுன்னா இதான்" என்று அஞ்சாப்புலிப் பெரியப்பா எதிர் இலையிலிருந்து சத்தமாகச் சொன்னார். "பாயசமும் ஊட்டு பாப்பா" என்றார் அண்ணன். ஊட்டினேன்.

ஐயோ, நான் பாவி.

பிப்ரவரி 2

மன்றக் கூட்டம். குப்பை வண்டி, சொத்து வரி, பொதுக் கழிப்பறைக்குத் தண்ணீர். புன்னைமேட்டு இரண்டாம் கட்டம் அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று தபால் வந்திருக்கிறது. புயலில் ஊரைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

காலையிலேயே அண்ணன் போன் செய்திருந்தார். இன்று முதல் தொழிலுக்குப் போகிறாராம். பாதுகாப்பு மையத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லையாம். கைப் புண் ஆறட்டும், இப்போது கடலுக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். சத்தம் போட்டுக்கூடப் பார்த்தேன்.

"அம்மன் முன்னாடி சத்தியம் பண்ண கை பாப்பா. இத கடலு ஒண்ணும் செய்யாது" என்றார்.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கரைக்குப் போனேன். நம் பக்கம் மணல் இன்னும் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போக வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது.